லில் பீப்பின் 'ஹெல்பாய்' மிக்ஸ்டேப்: அனுமதி கேட்காமல் எடுத்ததால்தான் நன்றாக வந்ததா?

#1 கேசட்பைத்தியம்

அமெரிக்க ராப் பாடகர் லில் பீப்பின் 'ஹெல்பாய்' மிக்ஸ்டேப் (இலவசமாக விடும் பாட்டுத் தொகுப்பு) 2016 செப்டம்பர் 25 அன்று சவுண்ட்கிளவுட் என்ற இசைத்தளத்தில் வந்தது. 16 பாட்டு. கட்டணம் கிடையாது. பாடியவருக்கு அப்போது வயது 19. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அவருடைய முறையான முதல் ஆல்பம் 'கம் ஓவர் வென் யூ ஆர் சோபர்' முதல் பாகம் வந்தது. 7 பாட்டு, சுத்தமான ஒலி, புதிதாக வாசித்துப் பதிவு செய்த கிட்டார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் இரண்டாவதுதான் முன்னேற்றம் என்று சொல்லத் தோன்றும். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. அதைத்தான் இங்கே வாதாடப் போகிறேன்.

தலைப்புப் பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கிட்டார் அண்டரோத் குழுவின் 'டூ பிரைட் டு சீ, டூ லவுட் டு ஹியர்' பாட்டிலிருந்து வெட்டி எடுத்தது. 2008 ஆல்பத்தில் இருப்பது. அண்டரோத் ஃப்ளோரிடாவின் டாம்பாக்காரர்கள், அந்தக் காலத்தில் தங்களைக் கிறிஸ்தவக் குழு என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டவர்கள். அந்தப் பாட்டே கடவுளிடம் மன்றாடுவதுதான். அதன் மேல் ஏறி நின்று ஒரு பையன் தன்னை நரகத்துப் பிள்ளை என்று பாடுகிறான். அவன் என்ன சொன்னாலும் அடியில் அந்த மன்றாட்டு ஓடிக்கொண்டே இருக்கிறது. மூலப்பாட்டைத் தெரியாதவருக்கும் இது கேட்கும். ஏனென்றால் அந்தக் கிட்டார் வேறொரு அறையில், வேறொருவர் துக்கத்துக்காக வாசித்தது. பீப்பின் குரலுக்கு அது வளைந்து கொடுப்பதில்லை. குரல் அதோடு மோத வேண்டியிருக்கிறது.

2017 ஆல்பத்தில் கிட்டார் குரலுக்குச் சேவகம் செய்கிறது. எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிற்கிறது. அழகாகத்தான் இருக்கிறது, மோதல்தான் இல்லை. இரவல் கிட்டார்தான் 'ஹெல்பாய்'க்கு உயிர் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வாருங்கள்.

#2 சும்மாவந்தேன்

மூன்று பாட்டு கேட்டேன். மூக்கடைப்போடு ஒப்பாரி வைப்பது போல இருக்கிறது. சுருதியும் அங்கங்கே விலகுகிறது. இதில் என்ன மோதல், என்ன உயிர் என்று யாராவது புரியும்படி சொன்னால் நன்றாக இருக்கும். கிண்டலுக்குக் கேட்கவில்லை.

#3 பேஸ்_நான்குகம்பி

சுருதி விலகுவது உண்மை. அதை எப்படிப் பயன்படுத்தியிருக்கிறார் என்பதைக் கவனியுங்கள். ஒரே வரியைப் பல முறை பாடி அடுக்குவார். ஒன்று நடுவில், மற்றவை இடமும் வலமுமாக. ஒன்று முணுமுணுப்பாகக் கீழே இருக்கும், இன்னொன்று மேலே கிட்டத்தட்டக் கத்தலாக இருக்கும். மூன்றும் ஒரே சுருதியில் அச்சு அசலாக நின்றால் தட்டையாக ஒலிக்கும். கொஞ்சம் விலகுவதால்தான் ஒரே ஆள் பலராகக் கேட்கிறார். ஹெட்ஃபோனில் 'ஓஎம்எஃப்ஜி' பாட்டைப் போட்டு இடது காதை மட்டும் கழற்றிப் பாருங்கள், தெரியும்.

டிரம் பக்கம் வந்தால் அது முழுக்க ட்ராப் என்ற ராப் பாணி. ஹை-ஹேட் (சின்ன ஜோடித் தட்டு) வேகமாகச் சிதறும். ஸ்னேர் டிரம் மட்டும் மூன்றாவது தட்டில் விழும். அதனால் டெம்போ வேகமாக இருந்தாலும் பாட்டு பாதி வேகத்தில் நடப்பதாகக் காது நம்பும். அடியில் 808 பேஸ், அதாவது டிரம் மெஷினின் ஆழமான அதிர்வு. எமோ (மனத்துயரைக் கொட்டிப் பாடும் ராக் வகை) கிட்டாருக்கு இது பொருந்திப்போனதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் கிட்டார்க்காரர்கள் கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டை) மொத்தமாக அடிக்காமல் நரம்பு நரம்பாகப் பிரித்து வாசிப்பார்கள். பலரும் வேறு ட்யூனிங் வைத்துத் திறந்த நரம்புகளை ஒலிக்க விடுவார்கள். நான்கு பார் (தாளச் சுற்று) வெட்டித் திரும்பத் திரும்ப ஓடும் லூப் ஆக்கினால் ஓட்டை தெரியாமல் சுழலும். அடியில் பேஸுக்கு நிறைய இடம் காலியாக இருக்கும்.

கேசட்பைத்தியம் சொல்வதில் எனக்குப் பாதிதான் உடன்பாடு. பெருமை இரவல் கிட்டாருக்கு மட்டும் போகக் கூடாது. அதை எங்கே வெட்டுவது, எவ்வளவு மங்கலாக்குவது, 808 எப்போது நுழைய வேண்டும் என்பதெல்லாம் தயாரிப்பாளர்கள் செய்த வேலை. ஸ்மோக்கசாக், நெடார்ப் போன்றவர்கள் இல்லாமல் இந்த ஒலி இல்லை. அந்த ஸ்மோக்கசாக்தான் 2017 ஆல்பத்திலும் இருக்கிறார் என்பதையும் நினைவில் வையுங்கள்.

#4 பழையகிட்டார்

மோதல், அடுக்கு என்று எல்லோரும் அழகாகப் பேசுகிறீர்கள். அந்தக் கிட்டார்களை வாசித்தவர்களிடம் யாராவது கேட்டார்களா?

நான் எமோவை அதன் பழைய வழியில் வந்து சேர்ந்தவன். 80களின் நடுவில் வாஷிங்டனில் ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங், 90களில் டெக்ஸாஸில் மைனரல், 1999-இல் இல்லினாயில் அமெரிக்கன் ஃபுட்பால். இவர்களில் பெரும்பாலானோர் அந்த இசையால் சம்பாதித்ததே இல்லை. வேனில் ஊர் ஊராகப் போய் வாசித்து, ஒன்றிரண்டு ஆல்பத்தோடு கலைந்துபோனவர்கள். மைனரலின் 'லவ்லெட்டர்டைப்ரைட்டர்' பாட்டை பீப் 'ஹாலிவுட் ட்ரீமிங்' என்ற தனிப்பாட்டில் எடுத்துக்கொண்டார். அனுமதியும் இல்லை, பெயரும் இல்லை. 2017 ஜனவரியில் மைனரல் தரப்பு பதிப்புரிமைப் புகார் சொன்னபோது, அவர்கள் மேல் உள்ள அன்பைக் காட்டத்தான் செய்தேன் என்ற பொருளில் பதில் சொன்னார்.

அன்பைக் காட்டுகிறவர் பெயரையாவது போடலாமே. லூப் அவர்களுடையது, மெட்டில் பாதி அவர்களுடையது, முகம் மட்டும் இவருடையது.

#5 கேசட்பைத்தியம்

பெயர் போடாததை நானும் ஆதரிக்கவில்லை. ஆனால் அனுமதி விஷயத்தை ஹிப்ஹாப்பின் பக்கத்திலிருந்தும் பாருங்கள்.

1991 டிசம்பரில் ராப்பர் பிஸ் மார்க்கி வழக்கில் நியூயார்க் நீதிபதி ஒருவர், திருடாதே என்ற வேதாகமக் கட்டளையோடு தீர்ப்பைத் தொடங்கினார். அதுவரை சாம்பிள் எடுப்பது, அதாவது பிறர் பதிவிலிருந்து துண்டு வெட்டி எடுப்பது, ஓரளவு கண்டும் காணாமல் விடப்பட்டது. அதற்குப் பின் ஒவ்வொரு துண்டுக்கும் உரிமம் வாங்க வேண்டியதாயிற்று. 2005-இல் பிரிட்ஜ்போர்ட் வழக்கில் இன்னொரு நீதிமன்றம், உரிமம் வாங்கு, இல்லையென்றால் சாம்பிள் எடுக்காதே என்கிற அளவுக்குப் போனது. துண்டு எவ்வளவு சின்னதாக இருந்தாலும் சரி. இந்த நெருக்கடியின் விளைவை டி லா சோல் என்ற ராப் குழுவிடம் பாருங்கள். அவர்களுடைய முதல் ஆல்பங்கள் 2023 மார்ச் வரை ஸ்ட்ரீமிங்கில் வரவே முடியவில்லை.

மிக்ஸ்டேப் என்பது இந்தச் சுவரில் இருந்த ஓட்டை. விற்கவில்லை, அதனால் யாரும் பெரிதாகத் துரத்தவில்லை. சட்டப்படி அதுவும் மீறல்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் இளம் ராப்பர்கள் பலர் கற்றுக்கொண்டது அந்த ஓட்டையில்தான். 'ஹெல்பாய்'யை முறைப்படி வெளியிட வேண்டும் என்றால் 19 வயதுப் பையன் ஒவ்வொரு லூப்புக்கும் இரண்டு கதவைத் தட்டியிருக்க வேண்டும். ஒலிப்பதிவின் உரிமை லேபிளிடம் (இசை வெளியீட்டு நிறுவனத்திடம்) இருக்கும், பாட்டை எழுதியதற்கான உரிமை பதிப்பகத்திடம் இருக்கும். இரண்டில் ஒருவர் முடியாது என்றால் கதை முடிந்தது.

உரிமம் கிடைத்தாலும் என்ன ஆகும் என்பதற்கு ராப்பர் ஜூஸ் வேர்ல்டின் 'லூசிட் ட்ரீம்ஸ்' உதாரணம். பாடகர் ஸ்டிங்கின் 'ஷேப் ஆஃப் மை ஹார்ட்' கிட்டாரை எடுத்ததற்காக வருமானத்தின் பெரும்பங்கு ஸ்டிங் பக்கம் போகிறது என்று அதன் பீட்டை (பின்னணி இசையை)ச் செய்தவரே பொதுவெளியில் குமுறினார்.

#6 பழையகிட்டார்

ஸ்டிங்குக்குப் பணம் போனது நியாயமா இல்லையா என்று அழுவதற்கு எனக்கு நேரமில்லை, அவர் பிழைத்துக்கொள்வார். என் கவலை மைனரல் அளவில் உள்ளவர்கள் பற்றி.

விற்கவில்லை என்பது அரை உண்மை. மிக்ஸ்டேப் இலவசம், சரி. அதை வைத்து நடந்த கச்சேரிகளுக்கு டிக்கெட் இருந்தது, டி-ஷர்ட் விற்றது. பெயர் பரவியதும் முதலீடு வந்தது. இலவசப் பாட்டுதான் இந்த வியாபாரத்தின் விளம்பரம். விளம்பரத்துக்கு இசை தந்தவர்களுக்கு மட்டும் ஒன்றும் இல்லை. ஓட்டை வழியாக நுழைந்தவர் உள்ளே போய்க் கடை விரித்துவிட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

#7 அரைத்தூக்கம்

பெரியவர்கள் சண்டைக்கு நடுவே ஒரு விஷயம். எனக்கு மைனரல், அமெரிக்கன் ஃபுட்பால் எல்லாம் தெரியவந்ததே பீப் பாட்டுகளின் மூலத்தைத் தேடித்தான். என்னைப் போல நிறையப் பேர் உண்டு. பழைய எமோ வீடியோக்களின் கீழே பீப் அனுப்பி வைத்தார் என்று வரிசையாக எழுதியிருப்பார்கள். இது கடனைத் தீர்க்காது என்று பழையகிட்டார் அண்ணன் சொல்வார். தீர்க்காதுதான். ஆனால் கணக்கில் வர வேண்டும்.

அவரை எமோவுக்கு வெளியாள் போலப் பேசுவதுதான் எனக்கு உறுத்துகிறது. பீப் வளர்ந்தது நியூயார்க்கின் லாங் பீச்சில், அதாவது லாங் ஐலண்டில். பிராண்ட் நியூ, டேக்கிங் பேக் சண்டே எல்லாம் அந்தத் தீவிலிருந்து வந்த குழுக்கள். 'ஹெல்பாய்'க்கு முன் வந்த 'க்ரைபேபி' மிக்ஸ்டேப்பின் தலைப்புப் பாட்டில் அவர் எடுத்தது பிராண்ட் நியூவின் 'தி நோ சீட்பெல்ட் சாங்'. அது அந்தத் தீவில் அவர் வயதுப் பிள்ளைகள் கேட்டு வளர்ந்த இசை.

அவர் சேர்ந்த கோத்பாய்க்ளிக் என்ற இசைக் கூட்டத்தைத் தொடங்கியவர் விக்கா ஃபேஸ் ஸ்பிரிங்ஸ் எடர்னல். அவர் அதற்கு முன் டைகர்ஸ் ஜா என்ற பென்சில்வேனியா எமோ குழுவில் பாடியவர். எமோக்காரர்களே ராப் பக்கம் நடந்து வந்து கட்டிய வீடு அது. வெளியிலிருந்து வந்து அள்ளிக்கொண்டு போனார் என்ற கதை இங்கே பொருந்தாது.

#8 பேஸ்_நான்குகம்பி

அரைத்தூக்கம் சொன்ன கூட்டத்தில் லில் டிரேசியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 'ஹெல்பாய்'யில் 'கோபேன்' உட்பட இரண்டு பாட்டில் வருகிறார். அவருடைய அப்பா டிகபிள் பிளானட்ஸ் குழுவின் இஷ்மாயில் பட்லர். 90களின் தொடக்கத்தில் ஜாஸ் சாம்பிள்களை வைத்து கிராமி வாங்கியவர்கள். அவர்களுடைய பெரிய ஹிட்டே ஜாஸ் டிரம்மர் ஆர்ட் பிளேக்கியின் துண்டு ஒன்றின் மேல் நிற்பது. இரவல் வாங்குவது அங்கே குலத்தொழில். விவாதத்துக்கு இது தேவையில்லைதான், ரசமாக இருந்தது என்று போட்டேன்.

#9 ஆவணப்பெட்டி

'ஹெல்பாய்' பின்னால் யாருமே இல்லாத தனி வெளியீடு என்பது போலப் பேசுகிறீர்கள். ஒரு சின்னச் சிக்கல். ஃபர்ஸ்ட் ஆக்சஸ் என்டர்டெய்ன்மெண்ட் என்ற நிறுவனம் பீப்புடன் கைகோத்தது 2016 நடுவில். 'ஹெல்பாய்' வந்தது செப்டம்பரில். ஆக, அதை வெளியிட்டபோது முதலீட்டாளர் ஏற்கெனவே வாசலில் நிற்கிறார். படுக்கையறைப் பையன் தனியாகச் செய்த படைப்பு என்ற பிம்பம் 'க்ரைபேபி'க்குப் பொருந்தும். அது அதே ஆண்டு ஜூனில் வந்தது, மலிவான மைக்கை வைத்துக் கையில் காசில்லாமல் பதிவு செய்தது. 'ஹெல்பாய்'க்கு அந்தப் பிம்பம் கொஞ்சம் இறுக்கமான சட்டை.

அதே ஆண்டு மே மாதம் வந்த சான்ஸ் தி ராப்பரின் 'கலரிங் புக்' கதையும் இப்படித்தான். லேபிள் இல்லாத மிக்ஸ்டேப், ஸ்ட்ரீமிங்கில் மட்டும் வந்து கிராமி வாங்கிய முதல் படைப்பு என்று கொண்டாடினார்கள். பிறகு, முதல் இரண்டு வாரம் தங்களிடம் மட்டும் இருப்பதற்காக ஆப்பிள் 5 லட்சம் டாலர் கொடுத்ததை சான்ஸே சொன்னார். அதற்காக அவர் சுதந்திரம் பொய்யாகிவிடாது. லேபிள் இல்லை என்றால் காசே இல்லை என்று நாம் நினைத்துக்கொள்வதுதான் பொய்.

#10 கேசட்பைத்தியம்

நல்ல திருத்தம். ஆனால் என் கேள்வி பணம் எங்கிருந்து வந்தது என்பதல்ல. இந்த லூப்பை எடுக்கலாமா என்று முடிவு செய்தது யார் என்பதுதான். 'ஹெல்பாய்' வரை அந்த முடிவு பீப்பிடமும் பீட் செய்தவர்களிடமும் இருந்தது. 2017 ஆல்பத்தில் அது வக்கீல் மேசைக்குப் போய்விட்டது. கிட்டாரை புதிதாக வாசித்தார்கள் என்றால் கலைக்காக மட்டும் அல்ல, கடையில் விற்க வேண்டும் என்பதற்காகவும்தான். முதலீட்டாளர் வாசலில் நின்றார் என்பது சரி. அப்போது உள்ளே வரவில்லை.

#11 பேஸ்_நான்குகம்பி

வக்கீல் மேசை என்று ஒரே போடாகப் போடாதீர்கள். 2017 ஆல்பத்தின் 'ஆஃபுல் திங்ஸ்' பாட்டில் கோரஸ் வரும்போது கிட்டார் எப்படித் திறந்துகொள்கிறது பாருங்கள். நான்கு பார் லூப்பில் அது முடியவே முடியாது. லூப் சுழலும், அதற்குப் போக இடம் கிடையாது. 'ஹெல்பாய்'யில் பல பாட்டு ஒன்றரை நிமிடத்துக்கு மேல் புதிதாக ஒன்றும் நடக்காமல் ஓடுவதற்கு அதுதான் காரணம். 16 பாட்டில் நான்கைந்தைத் தாராளமாகக் கழற்றலாம். மிக்ஸ்டேப் பிரியர்கள் இதை ஒப்புக்கொள்வதே இல்லை.

#12 அரைத்தூக்கம்

எந்த நான்கைந்து என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், இழை வேறு பக்கம் போய்விடும்.

#13 நெறியாளர்

வெளிவராத பதிவுகளுக்கான இணைப்புகளை இங்கே போட வேண்டாம். இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். போதைப்பொருள் பற்றிப் பேச்சு வந்தால் இசையை ஒட்டிப் பேசுங்கள். அனுபவக் கதைகள் வேண்டாம்.

#14 வெள்ளைக்கோட்டு

நெறியாளர் சொன்னதை மனதில் வைத்தே எழுதுகிறேன். இந்த மிக்ஸ்டேப்பை மோதல், லூப், உரிமம் என்று மட்டும் பேசி நகர்ந்துவிட முடியாது. இதில் மாத்திரைகள் வரிக்கு வரி வருகின்றன. பீப் 2017 நவம்பர் 15 அன்று அரிசோனாவின் டூசானில், சுற்றுப்பயணப் பேருந்தில் இறந்தார். 21 வயது முடிந்து இரண்டு வாரம்தான். உடலில் ஃபென்டனில் என்ற வலிநீக்கியும் அல்ப்ரசோலம் என்ற பதற்ற மருந்தும் இருந்தன. தவறுதலான மிகையளவு (ஓவர்டோஸ்) என்று முடிவு செய்தார்கள்.

ஃபென்டனில் மார்ஃபினைவிட 50 முதல் 100 மடங்கு வீரியமானது. கள்ளச்சந்தை மாத்திரையில் அது கலந்திருப்பது கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. அல்ப்ரசோலம் போன்ற மருந்தோடு சேர்ந்தால் இரண்டுமே மூச்சை மந்தமாக்கும். தூங்குகிறார் என்று பக்கத்தில் இருப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அந்த ஓர் ஆண்டில் மட்டும் அமெரிக்காவில் மிகையளவால் இறந்தவர்கள் 70,000-க்கு மேல். பீப் அந்தக் கணக்கில் ஒருவர்.

சோகமான பாட்டு கேட்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் மாத்திரையை நகை போல அணிந்துகொண்டு பாடும் அழகியல் இது. அந்த அழகியலுக்கு நாம் கைதட்டும்போது எதற்குக் கைதட்டுகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். 2019-இல் அவருடைய அம்மா லைசா வோமாக் நிர்வாக நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டார். பயணத்தில் போதை தாராளமாகப் புழங்கவிட்டார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. நிறுவனம் மறுத்தது, பின்னர் சமரசத்தில் முடிந்தது. #9-இல் வாசலில் நின்றவர் யார் என்று பேசினீர்களே, அந்த நிறுவனம்தான்.

#15 அரைத்தூக்கம்

மருத்துவ விவரத்துக்கு நன்றி. ஆனால் இறந்தபின் கேட்கும்போது நமக்கு ஒரு கெட்ட பழக்கம் வருகிறது. ஒவ்வொரு வரியும் முன்னறிவிப்பு ஆகிவிடுகிறது. சாவு பற்றிப் பேசினால், பார், அப்போதே சொன்னான் என்கிறோம். 2016-இல் அதைக் கேட்டவர்களுக்கு அப்படிக் கேட்டிருக்காது.

'ஹெல்பாய்'யில் எவ்வளவு சிரிப்பு இருக்கிறது என்று யாருமே சொல்லவில்லை. 'குச்சி மேன்' (Gucci Mane) என்று இன்னொரு ராப்பரின் பெயரையே ஒரு பாட்டுக்கு வைத்திருக்கிறார். ராப்பர்களின் ஜம்பத்தை அப்படியே எடுத்துத் தன் மெலிந்த உடம்பில் மாட்டிக்கொண்டு நடக்கிறார். காதலி விட்டுப்போனாள் என்ற அழுகைக்கு அடுத்த வரியிலேயே தன் காரைப் பற்றிப் பீற்றல். அந்தத் தாவல்தான் 19 வயது. தற்கொலைக் குறிப்பைப் படிப்பது போல முகத்தை வைத்துக்கொண்டு கேட்பவர்கள் பாதி மிக்ஸ்டேப்பைத் தவறவிடுகிறார்கள்.

#16 வெள்ளைக்கோட்டு

சிரிப்பு இருக்கிறது, மறுக்கவில்லை. அந்தச் சிரிப்பிலும் மாத்திரை இருக்கிறது என்பதுதான் என் சங்கடம். முன்னறிவிப்பு விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. இறந்தது அவர் பாட்டினால் அல்ல, கலப்படம் மலிந்த சந்தையினால். அதே பாட்டுகளைப் பாடி, உயிரோடு வளர்ந்து, வேறு பாட்டு பாடப் போனவர்கள் எத்தனையோ பேர்.

#17 சும்மாவந்தேன்

இவ்வளவு ஓடிவிட்டதா! நான் ஒப்பாரி என்று எழுதியதற்கு இன்னும் யாரும் அடிக்க வரவில்லை என்று பார்த்தேன்.

#18 பழையகிட்டார்

அடிக்கவில்லை. இன்னும் சொன்னால் அது பொருத்தமாகவே இருந்தது. ஒப்பாரி பாடுகிறவள் அழுவதோடு நிற்பதில்லை. போனவரை நேரே நீ என்று விளித்துக் கணக்குக் கேட்பாள், நடுவில் ஊராரையும் இரண்டு சாத்துச் சாத்துவாள். பீப் பாட்டுகளிலும் முக்கால்வாசி ஒரு 'நீ'யை நோக்கித்தான் போகின்றன. பழைய எமோவும் அப்படித்தான். இந்த ஒன்றில் அவர் எங்கள் வீட்டுப் பிள்ளை என்பதை ஏற்கிறேன். பிள்ளை என்றால் கேட்டு எடுக்கலாமே என்பதுதான் என் பேச்சு.

#19 ஆவணப்பெட்டி

கேட்டு எடுத்ததும் நடந்தது. 2020 ஜூனில் 'க்ரைபேபி'யும், சரியாக நான்காம் ஆண்டு நிறைவில் செப்டம்பர் 25 அன்று 'ஹெல்பாய்'யும் எல்லா ஸ்ட்ரீமிங் தளங்களிலும் அதிகாரபூர்வமாக வந்தன. பின்னால் நின்றது அவருடைய அம்மா. சாம்பிள் உரிமங்களைப் பேசி முடித்தபிறகுதான் வெளியீடு. அனுமதி கேட்டிருந்தால் 'ஹெல்பாய்' பிறந்தே இருக்காது என்று கேசட்பைத்தியம் சொல்கிறார். கேட்டார்கள், கிடைத்தது. அதற்கு என்ன பதில்?

#20 கேசட்பைத்தியம்

பதில் எளிது. யார் கேட்டார்கள் என்று பாருங்கள். 2020-இல் கேட்டது, உலகமே அறிந்த, இறந்துபோன ஒரு கலைஞரின் வாரிசுத் தரப்பு. அதற்கு முன்பே 2018-இல் வந்த 'கம் ஓவர்' இரண்டாம் பாகம் பில்போர்டு பட்டியலில் 4-ஆம் இடத்துக்குப் போயிருந்தது. கொலம்பியா லேபிள் வெளியிட்டது. அந்த நிலையில் கேட்டால் எதிர்த்தரப்பும் உட்கார்ந்து பேசும், ஏனென்றால் பேச்சில் காசு இருக்கிறது. 2016-இல், சவுண்ட்கிளவுட் கணக்கை மட்டும் வைத்திருந்த முகத்தில் பச்சை குத்திய பையன் மின்னஞ்சல் அனுப்பியிருந்தால் பதிலே வந்திருக்காது. பாட்டு முதலில் திருட்டாகப் பிறந்து, பெரிதாகி, அதன் பிறகே நேர்மையாக முடிந்தது. வரிசையைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள், நடக்காது.

#21 பழையகிட்டார்

இதில் ஓர் உண்மை இருக்கிறது, அதுதான் எனக்கு எரிச்சல். ஆனால் அதன் மறுபக்கத்தையும் எழுதுங்கள். கடைசியில் அந்தச் சின்னக் குழுக்களுக்கு ஏதாவது வந்தது என்றால், ஓட்டை வழியாக வந்த இலவசத்தால் வரவில்லை. முறையாக உட்கார்ந்து பேசியதால்தான் வந்தது. பீப் இறந்துபோய்ப் பெரிய பெயராக ஆனதால் பேசினார்கள். அதே காலத்தில் அதே சவுண்ட்கிளவுடில் அதே மாதிரிக் கிட்டார் எடுத்த நூற்றுக்கணக்கானவர்கள் பெரிதாகவில்லை. அவர்கள் எடுத்ததற்கு இன்றுவரை யாரும் யாருக்கும் எதுவும் தரவில்லை. உங்கள் விதி ஜெயித்தவர்களுக்கு மட்டும் வேலை செய்கிறது.

#22 கேசட்பைத்தியம்

அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. கேட்க எளிதான, சின்னக் கலைஞருக்குச் சின்னத் தொகை, பெரிதானால் பங்கு என்கிற மாதிரி உரிம முறை இருந்திருந்தால் இரண்டு பேரும் சண்டை போட வேண்டியிருந்திருக்காது. இசைப் பதிப்பகங்கள் தங்கள் வசதிக்கு அமைத்த முறையில் நாம் இருவரும் எதிரெதிரே நிற்கிறோம்.

ஆனால் #1-இல் சொன்னதிலிருந்து நகரவில்லை. கிட்டார் மோதுகிறது. 2017-இல் மோதவில்லை.

#23 பேஸ்_நான்குகம்பி

2017-இல் திறக்கிறது. 2016-இல் சுழல்கிறது. நானும் நகரவில்லை.

#24 சும்மாவந்தேன்

சரி, #3-இல் சொன்னபடி ஹெட்ஃபோன் போட்டு 'ஓஎம்எஃப்ஜி' கேட்டேன். இடது பக்கத்தில் தனியாக ஒரு குரல் இருப்பது இப்போதுதான் தெரிகிறது. தலைப்புப் பாட்டும் பரவாயில்லை. சுருதி இன்னும் எரிச்சலூட்டுகிறது, அதில் மாற்றமில்லை. அண்டரோத் மூலத்தை முதலில் கேட்பதா, இல்லை முழு மிக்ஸ்டேப்பையும் முடித்துவிட்டுப் போவதா?

#25 அரைத்தூக்கம்

மூலத்தை முதலில் கேட்காதீர்கள். மிக்ஸ்டேப்பை முழுதாக ஒரு தடவை, வரிசை மாற்றாமல் கேளுங்கள். 'தி சாங் தே ப்ளேய்ட்', 'கோபேன்', கடைசியில் வரும் 'கர்ல்ஸ்' மூன்றும் பிடித்தால் பின்னோக்கி 'க்ரைபேபி'க்குப் போங்கள். அதில் 'யெஸ்டர்டே' என்று ஒன்று இருக்கிறது. அதன் கிட்டாரைக் கண்டுபிடிக்க உங்களுக்கு யாருடைய உதவியும் வேண்டியிருக்காது, ஒயாசிஸ் என்ற ராக் குழுவின் பாட்டு அது. 'பீமர் பாய்' தனியாகக் கேளுங்கள், அது தி மைக்ரோஃபோன்ஸ் குழுவின் கிட்டார். அப்புறம் 'ஸ்டார் ஷாப்பிங்'. எல்லாம் முடிந்தபின் மூலங்கள்.

#26 பேஸ்_நான்குகம்பி

'டிரைவ் பை'யை விட்டுவிட்டீர்களே. சேவியர் வுல்ஃப் வரும் இடத்தில் பாட்டே நிமிர்ந்து உட்காரும். பீப்பின் இழுவைக்குப் பக்கத்தில் அந்த அழுத்தமான மெம்ஃபிஸ் ராப் தேவைப்படுகிறது.

#27 பழையகிட்டார்

மூலங்கள் பட்டியலில் மைனரலின் 'எண்ட்செரனேடிங்' இருக்கட்டும், 1998. 'லவ்லெட்டர்டைப்ரைட்டர்' அதில்தான் இருக்கிறது. ஸ்ட்ரீமிங்கில் கேட்டுவிட்டுப் பிடித்திருந்தால் இசைத்தட்டாகவே வாங்குங்கள், காசு கொடுத்து.